கேட்காமல் குத்திய ஊசி

கேன்டீனில் மைலோ வாங்கிக்கொண்டு வார்டுக்குத் திரும்பிய புஷ்பவள்ளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே அவள் கணவன் சதாசிவத்தின் விலாவில் சின்ன டாக்டர் லோஷினி ஊசியைக் குத்தி, சிரிஞ்சு நிறையத் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

சதாசிவத்துக்கு முதுகெலும்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்து ஆறு நாள். உட்கார்ந்தால் மண்டை பிளக்கிறது என்கிறார், மூச்சும் வாங்குகிறது. நெஞ்சில் சளிதான், எழுந்து நடந்தால் சரியாகும் என்று பெரிய டாக்டரே சொல்லிவிட்டார். இந்தச் சின்ன டாக்டரோ நடக்கவிடாதீங்க, படுக்கட்டும் என்று தினமும் குறுக்கே விழுந்துகொண்டிருந்தாள். படித்து முடித்து ரெண்டு வருஷம் ஆகியிருக்குமா?

"யாரைக் கேட்டுக் குத்துனீங்க?"

"இந்த அண்ணன்கிட்டயே கேட்டுட்டுதான்க்கா. இதை உடனே லேப்புக்குக் குடுக்கணும்."

அவ்வளவுதான், சிரிஞ்சோடு ஓடிவிட்டாள். நின்று ஒரு விளக்கம் கிடையாது. பண்டார் தெங்காராவில் செம்பனைக் குலை ஏற்றி லாரி ஓட்டுகிறவன் உடம்பென்றால் இவர்கள் குத்திப் பழகவா இருக்கிறது?

விடுவாளா புஷ்பவள்ளி? நேராகப் பெரிய டாக்டரிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார். தன்னிடம் சொல்லாமல்தான் அந்தப் பெண் குத்தினாள் என்றார். எழுத்தில் கொடுத்தால் நடவடிக்கை எடுக்கலாம் என்று தாளும் பேனாவும் அவரே நீட்டினார். ரெண்டு பக்கம் எழுதித் தள்ளினாள்.

மறுநாளே இன்னொரு ஆபரேஷன். உள்ளே கொஞ்சம் சரிசெய்ய வேண்டும் என்றார் பெரிய டாக்டர். அந்தப் பாவி குத்தின குத்தால்தானே என்று புஷ்பவள்ளி கேட்டாள். அவர் மறுக்கவில்லை.

பத்து நாளில் மனுஷன் தலைவலியில்லாமல் உட்கார்ந்து கஞ்சி குடித்தார். பெரிய டாக்டர் தெய்வம் என்று புஷ்பவள்ளி வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

வீட்டுக்குக் கிளம்பும் நாள், மாத்திரை கொடுக்க வந்த நர்ஸ் மிஸ்ஸி ஐலீனிடமும் அதையே சொன்னாள். அந்தத் திமிர் பிடித்தவளைக் கண்ணிலேயே காணோமே என்றும் விசாரித்தாள்.

"உங்க லெட்டரைக் காட்டி அவங்களை இந்த வார்டை விட்டே எடுத்துட்டாங்க," என்றாள் ஐலீன்.

"நல்லதுதான்."

"என்ன லா நல்லது? முத ஆபரேஷன்லயே தண்டுவட உறையில ஓட்டை விழுந்துருச்சுக்கா. மூளைத் தண்ணி நெஞ்சுக்குள்ள இறங்கிக்கிட்டிருந்துச்சு. பெரிய டாக்டர் சளின்னாரு. அந்த ஊசித் தண்ணியை லேப்ல பார்த்துதான் விஷயமே தெரிஞ்சுது. அவரு போட்ட ஓட்டையைத்தான் அவரு ரெண்டாவது வாட்டி அடைச்சாரு."

இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று புஷ்பவள்ளி மெல்லக் கேட்டாள்.

"நான் சொல்லத்தான் வந்தேன். லோஷினி டாக்டர் விடல. 'இன்னொரு ஆபரேஷன் இருக்கு சிஸ்டர், இப்ப அந்த அக்காவுக்குப் பெரிய டாக்டர் மேல நம்பிக்கை இருக்கணும். என்னையே திட்டிக்கட்டும்'னாங்க."