உடைத்துப் பார்ப்பவள்

“அந்தப் பிளாட்டினக் கம்பியைக் கழட்டுங்க. கார்பன் குச்சியை மாட்டி மறுபடி பார்க்கலாம்.”

எதிரே நின்ற இளைஞன் பெருமூச்சு விட்டான். “காலையிலேயே பார்த்தாச்சே மேடம். நல்லாத்தானே வந்தது?”

“அதான் சந்தேகம்.”

ஆய்வுக்கூடத்தின் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மெக்கானிக்குக் கடுப்பேறியது. அல்ட்ராசவுண்ட் மெஷினுக்குப் புது முனை மாட்ட வந்தவர். வேலை முழுக்க ஓடி முடிந்தால்தான் கிளம்ப முடியும். கல்குவாரியில் சம்மட்டி பிடித்து வளர்ந்த கை அது. அடுத்தவர் உழைப்பில் நொட்டை சொல்பவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

இளைஞன்தான் அவருக்கு விளக்கியிருந்தான். மலிவான கனிமப் பொடியைத் திரவத்தில் கலந்து ஒலியால் அடித்தால், அது ஏடு ஏடாக உரிந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிசாகிவிடும். அந்தக் கறுப்பு மசியைத் தகட்டில் பூசி மின்சாரம் கொடுத்தால், தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பிரியும். விலை உயர்ந்த பிளாட்டினம் செய்கிற வேலை. நிஜமென்று நிரூபித்தால் பெரிய பேர்.

அவளோ விடுவதாக இல்லை. மெஷினின் பழைய முனை தேய்ந்து உதிர்ந்த தூள் மசியில் கலந்திருக்கும் என்று முனையை மாற்றச் சொன்னாள். பாட்டிலில் இருந்த மசியை ஒதுக்கிவிட்டு, ஐஸ் வாளியில் வைத்துப் புதிதாகத் தயாரிக்கச் சொன்னாள். “நீங்களே பண்ணுங்க, என் கை படக் கூடாது” என்று தள்ளி நின்றுகொண்டாள். மகாராணி என்று நினைத்துக்கொண்டார் மெக்கானிக்.

இப்போது கம்பி. எதிர்ப்பக்கம் இருக்கும் பிளாட்டினம் கரைந்து வந்து மசிமேல் ஒட்டியிருக்கலாமாம். அப்படியானால் உழைத்தது பிளாட்டினம், பேர் வாங்கியது மசி.

மெக்கானிக்கால் வாயை அடக்க முடியவில்லை. “ஏம்மா, ஒருத்தர் ரத்தத்தைச் சுண்ட வச்சு செஞ்ச வேலை. குத்தம் சொல்றது சுலபம். செஞ்சு பார்த்தாத்தான் வலி தெரியும்.”

அவள் திரும்பவில்லை. குனிந்து தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இளைஞன் கார்பன் குச்சியை மாட்டி மின்சாரம் கொடுத்தான். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கறுப்புப் பூச்சின்மேல் கடுகளவு குமிழிகள் அரும்பின. பொங்கின. கணினித் திரையில் மின்னோட்டத்தைக் காட்டும் கோடு, காலையில் போன தடத்திலேயே ஏறியது.

மெக்கானிக் எழுந்து போய் இளைஞனின் முதுகில் தட்டினார். “ஜெயிச்சுட்டே தம்பி. அந்தம்மா என்ன குடைஞ்சும் உன் வேலை அசையலை பாரு.”

இளைஞன் நெளிந்தான். “என் வேலையா? நான் சோதிக்க வந்த ஆளுங்க. காலையிலேயே திருப்தின்னு கையெழுத்துப் போட்டிருப்பேன். ‘இன்னும் உடைச்சுப் பாருங்க’ன்னு என்னை விடாம பிடிச்சு வச்சிருக்கிறது, இதைச் செஞ்ச இவங்கதான்.”

அப்போதுதான் அவள் நிமிர்ந்து திரும்பினாள்.

“வலி தெரியும்ண்ணே. இனிமே யார் வேணா வந்து உடைச்சுப் பார்க்கட்டும்.”