ஏணியின் அடி

தமயந்தி எந்த ஊருக்குப் போனாலும் அந்த அட்டையைக் கையோடு கொண்டுபோவாள். அதில் ஒன்பது படி வைத்த ஏணி ஒன்று வரைந்திருக்கும். உச்சிப்படி நல்ல வாழ்க்கை, அடிப்படி மோசமான வாழ்க்கை. நீ எந்தப் படியில் நிற்கிறாய் என்று பிள்ளைகளைக் கேட்க வேண்டும். பதிலைக் குறித்துக்கொள்ளலாம். ஆறுதலோ யோசனையோ சொல்லக் கூடாது, ஆராய்ச்சியின் விதி அது. சில வருஷத்துக்கு ஒருமுறை அதே பிள்ளைகளைத் தேடிப்போய், அவர்கள் படிப்பையும் உடம்பையும் பின்தொடர்ந்தே அவள் தலை நரைத்துவிட்டது.

பூமிகா எட்டு வயதில் ஏணிக்கும் மேலே, வெற்றிடத்தில் விரல் வைத்தவள். "இங்க நிக்கிறேன் மிஸ்" என்று சிரித்தாள். அடுத்தடுத்த தடவைகளில் விரல் இறங்கிக்கொண்டே வந்தது. இப்போது பத்தொன்பது வயது. கல்லூரியை விட்டுவிட்டு நூல் மில்லுக்குப் போகிறாள். பேச்சுக்கு நடுவே இருமல் வந்து வந்து போகிறது.

அந்த இருமலைக் கேட்கக் கேட்கத் தமயந்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போ என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு அட்டையை நீட்டினாள்.

விரலைத் தூக்கிய பூமிகா அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"ஏணின்னா கீழ ஒருத்தர் புடிச்சுக்கணும்ல மிஸ்? சின்ன வயசுலேருந்து காட்டுறீங்க. இதுல புடிக்கிற ஆளையே காணோமே."

தமயந்தி குனிந்து பார்த்தாள். ஏணியின் அடியை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்திருந்தன அவளுடைய கட்டைவிரல்கள். அட்டை நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஆடாமப் புடிங்க மிஸ்" என்றாள் பூமிகா, தூக்கிய விரலை இறக்காமல்.