கரும்புகை

"ஏலே கனி, நாளைக்கு நம்ம காரை வாங்க ஆள் வாரான். இன்னும் கரும்புகை கக்குது. சாயங்கால மெக்கானிக் வகுப்புல என்னத்தப் படிக்கிறே?" என்று திட்டிவிட்டுத் தொழப் போனார் வாப்பா. காரை விற்றால்தான் அவர் மறுபடி சவூதிக்குப் போக முடியும்.

பிளக், ஏர் பில்டர், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்துவிட்டேன். படித்ததெல்லாம் வீணோ என்று தோன்றியது. கடைசியில், எஞ்சின் சூட்டை அளக்கும் சென்சாரின் வயர் கழன்று கிடப்பது தெரிந்தது. இன்னும் சூடே ஏறவில்லை என்று நினைத்து எஞ்சின் பெட்ரோலை அள்ளிக் குடித்திருக்கிறது!

வயரை மாட்டினேன். புகை நின்றது.

பின்னால் உம்மா நின்றிருந்தாள். "அதத் திரும்பக் கழட்டிரு கனி."

"ஏன் உம்மா?"

"நீ சத்தம்போட்டுப் பாடம் படிக்கையில கேட்டுத்தான் நான் கழட்டுனேன். காரு போனா அவரும்ல போயிருவாரு?"