தலையணைகளின் நடுவே

உயிரணுக்களிலிருந்து கொழுப்பைச் சுமந்து வெளியேற்றும் புரதம் ஒன்று கோமதிக்குப் பிறவியிலேயே பழுதுற்றிருந்தது. தேங்கிய கொழுப்பு மூளையைத் தாக்கியபின், சிரித்தாலே உடல் துவண்டு விழுந்தாள். இருமுறை நெற்றி பிளந்தது. அதன்பின் அவ்வீட்டில் எவரும் வேடிக்கை பேசுவதில்லை. உறவினர் வாசலிலேயே முகத்தை இறுக்கிக்கொண்டனர். கணவர் தில்லைநாயகம் மருந்து வேளைகளை மட்டும் நினைவூட்டினார்.

ஒரு பிற்பகலில் அவள் கூடத்தில் மெத்தையை விரித்து, சுற்றிலும் தலையணைகளை அடுக்கி, நடுவே அமர்ந்தாள்.

“உங்க சித்தப்பா பொண்ணு பாக்கப் போயி, வீடு மாறி உக்காந்து கேசரி தின்ன கதையச் சொல்லுங்க.”

“வேண்டாம் கோமு.”

“விழுந்தா மெத்தையிலதான விழுவேன். எழவு வீட்டுல இருக்க மாதிரி எத்தன நாள் இருக்கது?”

அவர் அருகமர்ந்து, அவள் பிடரிக்குப் பின்னே உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

“எங்க சித்தப்பா இருக்காரே...”

அவள் உதடுகள் அதற்குள்ளாகவே சிரிப்பில் நடுங்கத் தொடங்கியிருந்தன.