தட்டாத பனி

ஒரு பனிமானின் தோல் மேலங்கியாயிற்று, கொம்பு தடியாயிற்று. இரண்டும் உக்கலிக் என்ற வடதுருவத்து இனுயிட் வேட்டைக்காரனின் பனிவீட்டு வாசலில் கிடந்தன.

வேட்டையிலிருந்து வந்ததும் அவன் மேலங்கியை வாசலிலேயே கழற்றி, தடியால் அடித்துப் பனித்தூளை உதிர்ப்பான். பிறகு அதை அங்கேயே குளிரில் மாட்டிவிடுவான். உள்ளங்கி மட்டும் உள்ளே விளக்கருகே கதகதப்பாகக் கிடக்கும். மேலங்கிக்கு வயிறு எரியும்.

"அண்ணே, ஒரே உடம்பில் பிறந்தோம். தினமும் என்னைப் போட்டு அடிக்கிறாயே, உனக்கு மனசு கேட்கிறதா?" என்றது ஒருநாள்.

தடி இளகிவிட்டது. "சரி, இன்றைக்கு மட்டும்" என்று சுவரோரப் பனிக்குள் சரிந்து புதைந்துகொண்டது.

அன்று உக்கலிக் அசந்துபோய் வந்தான். தடியைத் தேடிப் பார்த்தான், கிடைக்கவில்லை. மேலங்கியோடு அப்படியே உள்ளே போய் விளக்கருகே மாட்டினான். அது பிறந்ததிலிருந்து கண்டிராத சூடு. மயிரில் ஒட்டியிருந்த பனி உருகித் தோலுக்குள் இறங்கியது. அதுவும் சுகமாகத்தான் இருந்தது.

மறுநாள் உறைந்த கடலின் மேல் காற்று வீசியதும் அந்த ஈரம் இறுகியது. மேலங்கி பலகைபோல் விறைத்தது. உக்கலிக்கால் கையை மடக்க முடியவில்லை. அவன் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சில்லிட்டுப் போனதை மேலங்கி கடைசிவரை உணர்ந்துகொண்டிருந்தது.

தேடிப் போனவர்கள் அவனைக் கற்களுக்கடியில் கிடத்திவிட்டு, மேலங்கியை மட்டும் கொண்டுவந்து பழைய இடத்தில் மாட்டிவிட்டுப் போனார்கள். அதன்மேல் பனி அப்பியிருந்தது.

"அண்ணே, அடி" என்றது மேலங்கி.

பனிக்குள் கிடந்த தடிக்கு அது கேட்டது. அடிக்க மனசும் இருந்தது. எடுத்து அடிக்கத்தான் கை இல்லை.