தல்மீராவிலிருந்து

மகன் எழுதியதில் ஒரு பொய்யாவது இருக்காதா என்று அவர் தேடிக்கொண்டிருந்தார்.

ஆறாவது மாடி. நிர்வாக இயக்குநரின் அறை. கண்ணாடிக்கு வெளியே அண்ணா சாலை மதிய வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. மேசையில் ஒற்றைத் தாள். காலையில் மகன் பரிதி அனுப்பி, செய்திப் பிரிவு திருத்திய செய்தி.

தலையில் ஊர்ப்பெயர்: தல்மீரா.

போர் நடக்கும் தல்மீராவில் செய்தியாளர்கள் தங்கும் விடுதியின் மேல் குண்டு விழுந்துவிட்டது என்று சற்றுமுன் செய்தி ஏஜென்சியிலிருந்து தகவல் வந்தது. இறந்தவர்களின் பெயர்கள் இன்னும் வரவில்லை.

பரிதியின் கைபேசி அணைந்து கிடந்தது.

வீட்டிலிருந்து மனைவி மறுபடியும் அழைத்தாள். அழவில்லை.

"அவன் அங்க போயிருக்க மாட்டான்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

தாளைப் பார்த்தபடியே அவர் போனை வைத்தார்.

அவருடைய தாத்தா தொடங்கிய பத்திரிகை. அந்தக் காலத்திலிருந்தே அங்கே ஒரு வழக்கம் உண்டு. செய்தியாளரின் கால் எந்த மண்ணில் நிற்கிறதோ அந்த ஊரின் பெயர்தான் செய்தியின் தலையில் வரும். பக்கத்து ஊரில் நின்று கேட்டு எழுதினால் பக்கத்து ஊர்தான். எதிரிப் பத்திரிகைக்காரர்கள்கூட அந்த ஊர்ப்பெயரை நம்பினார்கள். குடும்பத்துக்கு அதுதான் சொத்து.

வாரிசு என்று அவரை யாரும் நேராக நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. பாதி ஆயுள் வெளிநாட்டுச் செய்தியாளராக அலைந்தார். பதுங்குகுழியில் படுத்து எழுதினார். காய்ச்சலோடு எழுதினார். போகாத ஊரின் பெயரை ஒருநாளும் போட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் ஆறாவது மாடி.

மாடி ஏறிய வருடமே ஜெயசிங்கை வெளியேற்றினார். ஹோட்டல் அறையில் இருந்துகொண்டு போர்முனையின் பெயரைப் போட்டவர். ஜெயசிங்கின் மனைவி வந்து லிஃப்ட் வாசலில் நின்றாள். அவளைத் தாண்டித்தான் காருக்குப் போனார்.

நேற்று பரிதி கர்ஷானிலிருந்து எழுதியிருந்தான். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் பத்திரமான ஊர். தல்மீராவிலிருந்து தப்பி வந்தவர்கள் சொன்ன கதைகள். தலையில் ஒழுங்காகக் கர்ஷான் என்றுதான் போட்டிருந்தான்.

அவர்தான் போன் செய்தார்.

"கர்ஷான்ல டீ குடிச்சுக்கிட்டு எழுதுறதுக்கு நம்ம வீட்டுப் பிள்ளை எதுக்குடா? ஏஜென்சிக்காரன் போதுமே."

"சரிப்பா."

அவ்வளவுதான் பேச்சு.

இப்போது அவர் வேண்டிக்கொண்டார். மகன் பொய்யனாக இருக்கட்டும். ஊர் சிரிக்கட்டும். தாத்தா பெயர் கெட்டுப்போகட்டும். கர்ஷானின் அதே டீக்கடையில் உட்கார்ந்து, அப்பனுக்குப் பயந்து, தல்மீரா என்று போட்டிருக்கட்டும்.

தாளை மறுபடி எடுத்தார்.

போகாமல் எழுதுகிறவர்களின் எழுத்து அவருக்கு அத்துப்படி. எண்ணிக்கை நிறைய இருக்கும். அதிகாரிகள் பேசிக்கொண்டே இருப்பார்கள். வானம் சிவந்திருக்கும். அந்தத் தெருவில் நடந்தவனுக்கு மட்டும் கண்ணில் படுகிற அற்ப விஷயம் ஒன்றும் இருக்காது.

பரிதியின் முதல் பத்தியில் எண்ணிக்கை இருந்தது. இரண்டாவதில் ஓர் அதிகாரி பேசினார்.

அவருக்கு மூச்சு வந்தது.

அடுத்த பத்தியில் ஒரு கடைக்காரர். கடை எரிந்திருக்கிறது. பக்கச்சுவர் முழுக்க விழுந்துவிட்டது. அந்த மனிதர் முன்கதவை நிதானமாகப் பூட்டிவிட்டு, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்.

யாராவது சொல்லியிருப்பார்கள். தப்பி வந்தவர்களில் யாராவது. ஏன் சொல்லக் கூடாது?

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியிறங்கினார்.

அவரைக் கண்டதும் செய்திப் பிரிவு அடங்கியது. செய்தி ஆசிரியர் மெஹருன்னிசா எழுந்தாள். அவளுடைய திரையில் வெளியூர்ப் பதிப்பின் பக்கம் தயாராக இருந்தது. நடுவில் பரிதியின் செய்தி.

"இதுல ஏதாவது வெட்டினீங்களாம்மா?"

"ஒரு இடத்துலதான் சார். 'நான்'னு எழுதியிருந்தார். நம்ம வழக்கப்படி எடுத்துட்டேன்."

"காட்டுங்க."

அவள் தயங்கினாள். பிறகு வெட்டிய வரிகளைக் காட்டினாள்.

பூட்டிலிருந்து உருவும்போது சாவி கீழே விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். சாவி சுட்டது.

அவர் தன் விரல்களைப் பார்த்தார்.

நல்ல வரி. வேறு எவனாவது எழுதியிருந்தால் கூப்பிட்டுத் தோளில் தட்டியிருப்பார்.

யாரோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அவர் அதில் உட்காரவில்லை. மெஹருன்னிசாவின் இருக்கையில் உட்கார்ந்தார்.

தல்மீரா என்பதை எழுத்து எழுத்தாக அழித்தார்.

கர்ஷான் என்று தட்டினார். ஓர் எழுத்து தப்பாக விழுந்தது. அதையும் அழித்துவிட்டுச் சரியாகத் தட்டினார்.

"சார்..." என்றாள் மெஹருன்னிசா. "இதுக்குத்தானே ஜெயசிங் சாரை நாம..."

"அவன் அங்க போகலைம்மா," என்றார்.

மேசையில் தொலைபேசி அடித்தது. வெளிநாட்டு எண்.

அவள் கை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மொதல்ல பக்கத்தை அனுப்புங்க."