ரொட்டிச் சீட்டு

“தெருவே பட்டினி கிடந்துச்சு, சரி. எதிர்வீட்டுப் பையனும் அந்த வருஷம்தான் பொறந்தான். இன்னிக்கு டிராம் ஓட்டுறான். எங்கண்ணன் மட்டும் சுவத்தோட பேசிட்டு இருக்கான். அப்ப இது பட்டினி இல்ல, எங்க குடும்ப ரத்தம்,” என்றாள் இனேகா.

ஃபெம்கா பேனாவை மூடி வைத்தாள்.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் ஆம்ஸ்டர்டாமுக்கு ரொட்டி வருவது ஏறக்குறைய நின்றே போனது. அப்போது வயிற்றில் இருந்த பிள்ளைகளுக்குப் பின்னாளில் மனநோய் அதிகமாக வருகிறதா என்பதுதான் ஃபெம்காவின் ஆராய்ச்சி. ஊர்ப் பிறப்புப் பதிவிலிருந்து பெயர் எடுப்பாள். தாய் இன்னும் இருந்தால் வீடு தேடிப் போய்க் கேட்பாள். போகிற வீட்டிலெல்லாம் காப்பி, ஒரே ஒரு பிஸ்கட், பிறகு அழுகை. அலுத்துப் போயிருந்தது.

இந்த வீட்டில் பிஸ்கட் டப்பாவை மூடியாயிற்று. அழுகைதான் பாக்கி.

இனேகா மூன்று மாதக் கர்ப்பிணி. வியாழக்கிழமை கருவைக் கலைக்க நாள் வாங்கியிருந்தாள். அம்மா வற்புறுத்திக் கூப்பிட்டதால்தான் இன்று வந்து உட்கார்ந்திருந்தாள்.

“சொல்லுங்க டாக்டரம்மா. என் வயித்துல இருக்கறதும் மார்ட்டன் அண்ணன் மாதிரிதானே ஆகும்?”

“அண்ணனுக்கு இருந்தாலும், தங்கச்சி பிள்ளைங்க நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல நல்லாத்தான் இருக்காங்க.”

“மீதிப் பிள்ளைங்கள யாரு பாத்துக்கறது? நீங்களா?”



அதுவரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா வில்லமினா, குவளையைக் கீழே வைத்தாள்.

“ரத்தமும் இல்ல, மண்ணும் இல்ல. எதிர்வீட்டுக்காரி கிடைச்ச ரொட்டியைத் தின்னா. நான் தின்னல.”

“ஏன்?” என்றாள் இனேகா.

“ரேஷன் ரொட்டிச் சீட்டைக் குடுத்துச் சிகரெட் வாங்கினேன்.”



“ஒரு தடவையா?” இனேகாவின் குரல் இறங்கிவிட்டது.

“வாரா வாரம். புகையை இழுத்தா பசி தெரியாது.”

“வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டா?”

“அப்ப புத்தி இல்ல.”

இனேகா சிரித்தாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு அது.

“ஞாயித்துக்கிழமை தவறாம அவன் இருக்கற விடுதிக்குப் போவ. நகம் வெட்டிவிடுவ. அம்மான்னா இப்படி இருக்கணும்னு ஊரே பேசுச்சு. நீயே தீய வச்சுட்டு நீயேதான் தண்ணி ஊத்திட்டு இருந்தியா?”

“ஆமா.”

“ஆமாவா? அவ்வளவுதானா?”

“வேற என்ன சொல்லச் சொல்ற? உன்னைச் சுமந்தப்ப ஒழுங்காச் சாப்பிட்டேன். நீ நல்லாத்தானே இருக்க. வாய்தான் கொஞ்சம் நீளம்.”

இனேகா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.

“வியாழக்கிழமை நான் போகப்போறதில்ல. இது பொறக்கும். ஆனா உன் கையில குடுக்க மாட்டேன். எட்ட நின்னுகூட நீ பாக்க வேணாம்.”

வில்லமினா தலையை மட்டும் ஆட்டினாள். கதவு அறைந்து மூடியது. செங்குத்தான மரப்படிகளில் காலடிச் சத்தம் இறங்கி ஓய்ந்தது.

ஃபெம்காவுக்கும் அந்த நாற்காலியில் இருக்கப் பிடிக்கவில்லை. பசியால் செத்தவர்கள் கதை எத்தனையோ கேட்டிருக்கிறாள். இப்படி ஒரு தாயைப் பார்த்ததில்லை. வேலையை முடித்தால் கிளம்பிவிடலாம்.

“ஒரு கேள்வி பாக்கி,” என்றாள் முகம் பார்க்காமல். “அந்தக் குளிர்காலம் முழுக்க இந்த ஊர்லதானே இருந்தீங்க?”

“அதைச் சொல்லியே ஆகணுமா?”

“சொல்லாம உங்க மகனைக் கணக்குல சேர்க்க முடியாது.”

“அப்ப சேர்க்காதீங்க. உங்க ஆராய்ச்சி கெட்டுப்போயிடும்.”

ஃபெம்கா நிமிர்ந்தாள்.

“போர் முடிஞ்சு பிரசவத்துக்குத்தான் இங்க வந்தேன். பதிவுல இந்த ஊர் பேர் இருக்கும், அவ்வளவுதான். அந்தக் குளிர்காலத்துல நானும் அவரும் வடக்கே ஃப்ரீஸ்லாந்துல, எங்க அத்தை பண்ணையில இருந்தோம். தினம் பாலு, வெண்ணெய். கன்னம் உப்பிப்போயி வந்து நின்னேன். தெருவே எலும்பும் தோலுமா நிக்குது. வெக்கமாப் போச்சு. அதுலேருந்து யார்கிட்டயும் வாயத் திறக்கல. இனேகாவுக்கும் தெரியாது.”

“அப்ப அந்தச் சிகரெட்?”

“அந்த வாடையே எனக்கு ஆகாது.”

ஃபெம்கா மூடிய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“பேரக்குழந்தையைப் பாக்கவே விடமாட்டேன்னுட்டுப் போறாங்களேம்மா.”

“பொறக்கட்டும், போதும்,” என்று வில்லமினா குவளைகளை எடுத்தாள். “படிச்ச நீங்க சொன்னதை அவ நம்பல டாக்டரம்மா. தப்பு அம்மா மேலதான்னதும், கொஞ்சம்கூடச் சந்தேகப்படாம நம்பிட்டா பாருங்க.”